விரல் நுனியில் 10 நியூட்டன், உள்ளே எவ்வளவு? கைத் தசை, தசைநாண் விசைகளைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்றை மேசையில் வைத்து, அது ஒரு கிலோ காட்டும்வரை ஆள்காட்டி விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். நுனியில் இருக்கும் விசை சுமார் 10 நியூட்டன். அதே நொடியில் அந்த விரலை மடக்கும் முக்கியத் தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் நாரில்) 25 முதல் 35 நியூட்டன் வரை இழுவிசை இருக்கும். விரலின் அடி மூட்டில் எலும்பும் எலும்பும் 70 நியூட்டனுக்கும் மேலே அழுந்தும். தராசு காட்டுவது உள்ளே நடப்பதில் ஒரு சிறு பங்குதான்.

அந்த மீதியை எப்படிக் கணக்கிடுவது என்பதைப் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். அறுந்த தசைநாணைத் தைத்தபின் எவ்வளவு அசைக்கலாம் என்று முடிவு செய்யும் பிசியோதெரபிஸ்ட், செயற்கை மூட்டு வடிவமைப்பவர், கைக்கருவி தயாரிப்பவர், பாறை ஏறுபவர் எல்லோருக்கும் இந்த எண் வேண்டும். உயிரோடு இருப்பவரின் தசைநாணில் அளவுகருவியை மாட்டுவது அறுவை சிகிச்சை மேசையில் மட்டுமே முடியும். அதனால் கணக்குதான் நமக்கு வழி. பள்ளி இயற்பியலில் படித்த திருப்புத்திறன், கொஞ்சம் இயற்கணிதம், ஒரு புகைப்படம் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: எந்த விரல், எந்த நிலை

முழுக் கையையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் 27 எலும்புகள், மணிக்கட்டைத் தாண்டி வரும் தசைநாண்கள், உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும் சிறு தசைகள் என்று ஏராளமாக இருக்கின்றன. ஒரு விரல், அசையாத ஒரு நிலை, ஒரே செயல். இங்கே ஆள்காட்டி விரல், நுனியால் கீழே அழுத்தும் நிலை.

விரலுக்குள் அதை மடக்கும் தசை எதுவும் கிடையாது. சைக்கிள் பிரேக் பிடியும் வயரும் போலத்தான் ஏற்பாடு: இழுப்பவன் முழங்கையருகே, வேலை நடப்பது விரலில், நடுவில் உறைக்குள் ஓடும் தசைநாண். ஆள்காட்டி விரலுக்கு ஏழு தசைகள் வருகின்றன. நுனி எலும்புவரை போகும் ஆழ்மடக்கி (எஃப்.டி.பி.), நடு எலும்பில் முடியும் மேல்மடக்கி (எஃப்.டி.எஸ்.), இரண்டு நீட்டுத் தசைகள், உள்ளங்கையிலிருந்து வரும் மூன்று சிறு தசைகள். இந்தச் சிறு தசைகள்தான் கணக்கிலும் வாழ்க்கையிலும் மிகவும் குறைத்து மதிப்பிடப்படுபவை. அவை அடி மூட்டை மடக்கும், அதே சமயம் விரலின் முதுகுப்புறத் தசைநாண் வலைவழியாக நடு மூட்டையும் நுனி மூட்டையும் நீட்டும்.

மூட்டுகளின் பக்கம் வந்தால், நுனி மூட்டும் நடு மூட்டும் மடக்கி நீட்ட மட்டும். அடி மூட்டு மடங்கும், பக்கவாட்டிலும் அசையும். ஆக நான்கு அசைவுகள், நான்கு சமன்பாடுகள். தெரியாதவை ஏழு. இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. நாம் பக்கவாட்டு அசைவை விட்டுவிட்டு, சிறு தசைகள் மூன்றையும் ஒன்றாகவும் நீட்டுத் தசைகள் இரண்டையும் ஒன்றாகவும் கட்டிக்கொள்வோம். அப்போது மூன்று சமன்பாடு, நான்கு தெரியாதவை. சிக்கல் அப்படியே இருக்கும், ஆனால் பேப்பரில் போட்டுப் பார்க்க முடியும்.

படி 2: வெளிவிசையை அளப்பது

அளவைவிடத் திசைதான் இங்கே ஏமாற்றும். தராசு செங்குத்து விசையை மட்டும் காட்டும். விரல் அழுத்தும்போது நுனி கொஞ்சம் உள்ளங்கைப் பக்கம் இழுக்கவும் செய்யும். அந்த உராய்வு விசையைத் தராசு பார்க்காது. ஆய்வகங்களில் எல்லாத் திசையிலும் விசையை அளக்கும் ஆறு அச்சு லோட் செல் வைப்பது இதற்காகத்தான். அது இல்லாதவர்கள் தராசின்மேல் வழுவழுப்பான தட்டொன்றை வைத்து, அதில் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பக்கவாட்டு விசை பெரும்பாலும் போய்விடும். நுனி வழுக்காமல் அதே இடத்தில் நின்றால் திசை செங்குத்து என்று நம்பலாம்.

விசை நிலையாக நிற்கும் சில நொடிகளின் சராசரியை எடுங்கள். உச்ச எண்ணை எடுக்காதீர்கள். அந்தக் கணத்தில் விரல் அசைந்துகொண்டிருக்கும், நம் கணக்கோ அசையாத விரலுக்கானது.

படி 3: மூட்டு மையங்களைக் குறிப்பது

கேமராவை விரலின் சரி பக்கவாட்டில், விரல் உயரத்திலேயே, கொஞ்சம் தள்ளி வையுங்கள். படத்தில் ஒரு ஸ்கேலும் இருக்கட்டும். தோலில் தெரியும் மடிப்புகளை மூட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுழலும் மையம் ஒவ்வொரு மூட்டிலும் மணிக்கட்டுப் பக்கத்து எலும்பின் தலைக்குள் இருக்கிறது. அடி மூட்டுக்கு, முஷ்டி பிடித்தால் புடைத்து நிற்கும் முட்டிதான் அடையாளம். விரலும் உள்ளங்கையும் சேரும் மடிப்பு அதற்கு வெகு முன்னாலேயே இருக்கும்.

நுனி தட்டைத் தொடும் புள்ளியில் செங்குத்துக் கோடு ஒன்று வரையுங்கள். அதுதான் விசைக் கோடு. ஒவ்வொரு மூட்டு மையத்திலிருந்தும் அந்தக் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தை அளந்தால் போதும், கோணக் கணக்கே வேண்டாம். நம் உதாரணத்துக்கு, அளவான ஒரு வளர்ந்தவர் விரலுக்குப் பொருந்தும் எண்களை எடுத்துக்கொள்வோம்: நுனி மூட்டு 10 மி.மீ., நடு மூட்டு 28 மி.மீ., அடி மூட்டு 66 மி.மீ.

விசையை இந்தத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன்: 10 நியூட்டன் விசைக்கு மூட்டுகள் எதிர்த்து நிற்க வேண்டியது முறையே 100, 280, 660 நியூட்டன்-மில்லிமீட்டர். விரலின் எடை இந்த அளவு விசைகளுக்கு முன் ஒன்றுமில்லை, விட்டுவிடலாம்.

படி 4: தசைநாண்களின் மொமென்ட் ஆர்ம்

மூட்டு மையத்திலிருந்து தசைநாண் ஓடும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரம்தான் மொமென்ட் ஆர்ம். சில மில்லிமீட்டர்தான். விசை உள்ளே பெருகுவதற்குக் காரணமே இந்தச் சிறிய தூரம்.

உயிருள்ள விரலில் இதை நேராக அளப்பது கடினம். எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இருந்தால் முடியும். சடலக் கைகளில் வேறொரு அழகான வழி இருக்கிறது. மூட்டை மெல்ல மடக்கிக்கொண்டே தசைநாண் எவ்வளவு நகர்கிறது என்று அளக்கிறார்கள். நகர்வை மி.மீ.-யிலும் கோணத்தை ரேடியனிலும் வரைபடமாகப் போட்டால், அந்தக் கோட்டின் சாய்வே மொமென்ட் ஆர்ம். மூட்டு மையம் எங்கே என்று தெரியவே வேண்டாம். 90 பாகை என்பது 1.57 ரேடியன், அதற்குள் தசைநாண் 17 மி.மீ. நகர்ந்தால் மொமென்ட் ஆர்ம் சுமார் 11 மி.மீ. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் காய்-நான் ஆனும் எட்மண்ட் சாவும் அவர்களுடைய குழுவும் இப்படி ஆள்காட்டி விரலின் தசைகளுக்கு அளந்து 1983-ல் வெளியிட்ட எண்கள்தான் இன்றும் பல கணக்கீட்டு மாதிரிகளின் அடித்தளம்.

ஆழ்மடக்கிக்கு நுனி மூட்டில் சுமார் 4 மி.மீ., நடு மூட்டில் 8, அடி மூட்டில் 11. மேல்மடக்கிக்கு நடு மூட்டில் 6, அடி மூட்டில் 12. நீட்டுத் தசைக்கு அடி மூட்டில் 9, நடு மூட்டில் 3, எதிர்த் திசையில். சிறு தசைகளைச் சேர்த்துக் கட்டியதற்கு அடி மூட்டில் மடக்கும் திசையில் 6, நடு மூட்டில் நீட்டும் திசையில் 2 என்று வைக்கிறேன். நுனி மூட்டில் நீட்டுத் தசைக்கும் சிறு தசைகளுக்கும் ஆளுக்கு 1. இந்தக் கடைசி எண்கள் எளிமைப்படுத்தியவை. முதுகுப்புற வலை இழுவிசையை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறது என்பது விரல் மடங்கும் கோணத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். மூன்று சிறு தசைகளும் ஒரே மாதிரியும் இல்லை: லும்பிரிக்கல் ஆழ்மடக்கியின் தசைநாணிலிருந்தே கிளம்புகிறது, கட்டைவிரல் பக்கத்து இன்டராசியஸ் பெரும்பாலும் எலும்பிலேயே முடிகிறது.

வேறொருவரின் கையில் அளந்த எண்ணை உங்கள் கைக்கு எடுக்கும்போது, மூட்டின் தடிமனை அளந்து அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சமன்பாடுகள்

ஆழ்மடக்கியின் இழுவிசையை ஆ, மேல்மடக்கியை மே, சிறு தசைகளை சி, நீட்டுத் தசையை நீ என்று வைப்போம். ஒவ்வொரு மூட்டிலும் இழுவிசைகளை அவற்றின் மொமென்ட் ஆர்மால் பெருக்கி, மடக்குவதைக் கூட்டி நீட்டுவதைக் கழித்தால், படி 3-ல் வந்த திருப்புத்திறனுக்குச் சமமாக வேண்டும்.

நுனி மூட்டு: 4ஆ − சி − நீ = 100
நடு மூட்டு: 8ஆ + 6மே − 2சி − 3நீ = 280
அடி மூட்டு: 11ஆ + 12மே + 6சி − 9நீ = 660

முதலில் நீட்டுத் தசை சும்மா இருக்கிறது, நீ = 0, என்று வைத்துத் தீர்ப்போம். முதல் சமன்பாட்டிலிருந்து ஆ = 25 + 0.25சி. அதை இரண்டாவதில் போட்டால் சி தானாக அடிபட்டு மே = 13.3 என்று கிடைக்கும். மூன்றாவதில் போட்டால் சி = 25.7. அப்புறம் ஆ = 31.4.

இந்த விடையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெறும் 25 நியூட்டன் போதுமாக இருந்த ஆழ்மடக்கி 31 நியூட்டன் இழுக்க வேண்டி வந்தது ஏன்? அடி மூட்டைப் பிடித்து நிறுத்தச் சிறு தசைகள் தேவை. அவை அடி மூட்டை மடக்கும்போதே நுனியை நீட்டிவிடுகின்றன. அந்த நீட்டலை முறியடிக்க ஆழ்மடக்கி கூடுதலாக உழைக்கிறது. மூட்டுகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டால் இது கண்ணில் படாது. மூன்றையும் சேர்த்துத் தீர்க்கச் சொல்வது இதனால்தான்.

படி 6: ஒன்றுக்கு மேற்பட்ட விடை

நீட்டுத் தசை சும்மா இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? அது 5 நியூட்டன் இழுக்கிறது என்று வைத்துத் தீர்த்தால் ஆ = 33.3, மே = 14.2, சி = 28.1. 10 நியூட்டன் என்றால் ஆ = 35.1, மே = 15, சி = 30.6. மூன்று விடைகளும் சமன்பாடுகளை முழுதாக நிறைவு செய்கின்றன. தராசு மூன்றுக்கும் அதே ஒரு கிலோவைத்தான் காட்டும்.

விரலை இறுக்கி விறைப்பாக வைத்து ஒரு கிலோ அழுத்தலாம், தளர்வாக வைத்தும் அழுத்தலாம். வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. இந்தக் கூடுதல் சுதந்திரத்தை மறைத்துவிட்டு ஒரே எண்ணை விடையாகக் கொடுப்பவரை நான் நம்பமாட்டேன். என் பார்வையில் சரியான விடை ஒரு வீச்சு: ஆழ்மடக்கிக்கு 31 முதல் 35 வரை, நீட்டுத் தசை இவ்வளவு இழுத்தால் இவ்வளவு, என்று.

படி 7: உகப்பாக்கம், அதன் எல்லை

ஏராளமான விடைகளில் உடம்பு எதைத் தேர்ந்தெடுக்கும்? எது மிகக் குறைந்த செலவில் வேலையை முடிக்கிறதோ அதை, என்று ஊகிப்பதுதான் உகப்பாக்க முறை. ஒவ்வொரு தசையின் விசையையும் அதன் குறுக்குப் பரப்பால் வகுத்து, அந்தத் தகைவுகளின் கூட்டுத்தொகையைக் குறைந்தபட்சமாக்குகிறார்கள்.

கூட்டுத்தொகையை எப்படி எடுப்பது என்பதில் விடை மாறும். தகைவுகளை அப்படியே கூட்டினால், சமன்பாடுகள் எத்தனையோ அத்தனை தசைகள் மட்டுமே வேலை செய்யும், மற்றவை பூச்சியம் என்று விடை வரும். ஏழு தசை, நான்கு சமன்பாடு என்றால் மூன்று தசைகள் தூங்குகின்றன என்று பொருள். உடம்பு அப்படி நடந்துகொள்வதில்லை. வர்க்கத்தையோ கனத்தையோ எடுத்துக் கூட்டினால் சுமை பல தசைகளுக்கும் பங்கிடப்படும். அயோவா பல்கலைக்கழகத்தின் கிரவுனின்ஷீல்டும் ரிச்சர்ட் பிராண்டும் 1981-ல், தசை சோர்ந்துபோகாமல் தாக்குப்பிடிக்கும் நேரத்தை அடிப்படையாக வைத்துக் கன அடுக்கை முன்வைத்தார்கள். எக்செலின் சால்வர் வசதியிலேயே இதைச் செய்து பார்க்கலாம். எந்த விசையும் எதிர்மறையாகப் போகக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மறக்காமல் போடுங்கள். தசை இழுக்கும், தள்ளாது.

ஆனால் நம் உதாரணத்தில் என்ன ஆகும்? நீ கூடக்கூட மற்ற மூன்றும் கூடுகின்றன. எனவே எந்த அடுக்கை எடுத்தாலும் உகப்பாக்கம் "நீட்டுத் தசை பூச்சியம்" என்றே சொல்லும். உண்மையில் நுனியால் அழுத்தும்போது முன்கையின் மேல்பக்கம் கை வைத்துப் பாருங்கள், அங்கேயும் தசை இறுகுவது தெரியும். அந்த இறுக்கத்தில் மணிக்கட்டை நிறுத்தும் தசைகளுக்கும் பங்கு உண்டு, ஆனால் விரலின் நீட்டுத் தசையும் சும்மா இருப்பதில்லை. மூட்டு உறுதியாக நிற்க உடம்பு தரும் விலை அது. செலவைக் குறைப்பது மட்டுமே உடம்பின் நோக்கம் என்று எடுத்துக்கொண்ட எந்தக் கணக்கும் விசையைக் குறைத்தே சொல்லும்.

படி 8: ஈ.எம்.ஜி. கொண்டு விடையைக் கட்டிப்போடுவது

இந்த இடைவெளியை நிரப்பத் தசையின் மின் குறிப்பை, அதாவது ஈ.எம்.ஜி.-யை, கேட்கலாம். நீட்டுத் தசை முன்கையின் மேல்பக்கம் தோலுக்கு நெருக்கமாக இருப்பதால் தோல்மேல் ஒட்டும் மின்முனையே போதும். சமிக்ஞையை 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, எதிர்மறைப் பகுதியைத் திருப்பி, மென்மையாக்கி, அதே தசையின் முழுபலச் சுருக்கத்தில் வந்த அளவால் வகுக்க வேண்டும். அப்போது "அதிகபட்சத்தில் இத்தனை சதவீதம்" என்று கிடைக்கும். அந்தத் தசையின் அதிகபட்ச விசை 50 நியூட்டன் என்று வைத்தால், 10 சதவீதம் என்பது 5 நியூட்டன். அதை நீ-க்குப் போட்டுவிட்டு மற்ற மூன்றையும் சமன்பாட்டிலிருந்து எடுங்கள். மேலே பார்த்த ஆ = 33.3 விடை இப்படித்தான் ஒன்றாக நிலைபெறும்.

எல்லாத் தசைக்கும் ஈ.எம்.ஜி. எடுத்து நேராக விசையாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஆழ்மடக்கி மேல்மடக்கிக்கு அடியில் புதைந்திருக்கிறது. தோல்மேல் மின்முனை வைத்தால் பக்கத்துத் தசைகளின் குரலும் கலந்து வரும். ஊசிவழியாக மெல்லிய கம்பி செலுத்தினால்தான் சுத்தமான குறிப்பு கிடைக்கும். அதைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

படி 9: இந்தத் தசையால் இது முடியுமா?

கிடைத்த விசை அந்தத் தசையின் திறனுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகபட்ச விசை என்பது உடலியல் குறுக்குப் பரப்பை ஒரு சதுர செ.மீ. தசை தரக்கூடிய விசையால் பெருக்கியது. பரப்பைப் பெறத் தசையின் நிறையை நாரிழை நீளத்தாலும் அடர்த்தியாலும் (ஒரு கன செ.மீ.-க்குச் சுமார் 1.06 கிராம்) வகுத்து, நாரிழைகள் சாய்ந்திருக்கும் கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். 12 கிராம் நிறை, 6.5 செ.மீ. நாரிழை, 7 பாகை சாய்வு என்றால் 1.7 சதுர செ.மீ. வரும். ஒரு சதுர செ.மீ.-க்கு 30 நியூட்டன் என்று எடுத்தால் அதிகபட்சம் 52 நியூட்டன்.

இப்போது ஒரு முரண்பாடு எழும். 10 நியூட்டன் அழுத்தத்துக்கே 31 நியூட்டன் தேவை என்றால், 52 நியூட்டன் தசையால் நுனியில் 17 நியூட்டனுக்கு மேல் தர முடியாது. ஆனால் ஆரோக்கியமான ஒரு வளர்ந்தவர் இதைவிடப் பல மடங்கு அழுத்துவார். குறுக்குப் பரப்பு எண்கள் பெரும்பாலும் வயதானவர்களின் சடலங்களிலிருந்து வந்தவை. ஆள்காட்டி விரலின் ஆழ்மடக்கிக்கே 2 சதுர செ.மீ.-க்குக் கீழும் 4-க்கு மேலும் வெளியாகியிருக்கின்றன. ஒரு சதுர செ.மீ.-க்கான விசைக்கும் 20-லிருந்து 100 வரை மதிப்புகள் புழங்குகின்றன. எனவே தசைகளுக்கு இடையேயான விகிதத்துக்கு இந்த எண்களை நம்புங்கள். தனி எண்ணாக எடுத்து உச்சவரம்பு போட்டால் கணக்கு பொய்யாகத் தடைபடும்.

நீளமும் முக்கியம். ஆர்ச்சிபால்ட் ஹில் 1938-ல் வகுத்த தசை மாதிரியின் வழிவந்த கணக்குகள், நீளமும் சுருங்கும் வேகமும் விசையை எப்படிக் குறைக்கின்றன என்பதைச் சேர்த்துக்கொள்கின்றன. மணிக்கட்டை நன்றாக உள்பக்கம் மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள், பலம் வராது. அதனால் மணிக்கட்டுக் கோணத்தைக் குறித்து வைக்காத அளவீட்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

படி 10: மூட்டும் கப்பியும்

தசைநாண் விசைகள் கைக்கு வந்தபின் மூட்டு அழுத்தம் எளிது. அடி மூட்டைத் தாண்டும் எல்லா இழுவிசைகளும் எலும்பு நீளவாக்கில் ஓடுவதாக எடுத்தால், 31 + 13 + 26, அதாவது 70 நியூட்டன், நீட்டுத் தசை பூச்சியமாக இருக்கும்போதே. கட்டைவிரலில் இது இன்னும் கடுமை. கூனியும் சாவும் 1977-ல் காட்டியபடி, நுனியில் ஒரு கிலோ கிள்ளினால் கட்டைவிரல் அடியில் மணிக்கட்டை ஒட்டிய மூட்டில் சுமார் 12 கிலோ விசை. அந்த மூட்டு பலருக்கும் வயதானபின் தேய்ந்து வலிப்பதில் வியப்பில்லை.

தசைநாணை எலும்போடு ஒட்டிப் பிடிக்கும் கப்பிகளுக்கு ஒரு சூத்திரம் போதும்: இழுவிசையின் இரு மடங்கை, தசைநாண் திரும்பும் கோணத்தில் பாதியின் சைனால் பெருக்குங்கள். 31.4 நியூட்டன் தசைநாண் 40 பாகை திரும்பினால் கப்பியில் 21 நியூட்டன், 90 பாகை திரும்பினால் 44. பாறை ஏறுபவர்கள் விரலை நடு மூட்டில் கூர்மையாக மடக்கிப் பிடிக்கும்போது கப்பி அறுவது இதனால்தான். பிரான்சில் லோரன் விகூரூ குழு 2006-ல் கணக்கிட்டபோது, விரலை நீட்டியவாறு சரிவில் பிடிக்கும் பிடியைவிட மடக்கிய பிடியில் ஏ2 என்ற கப்பியின்மேல் விசை 36 மடங்கு அதிகமாக வந்தது.

படி 11: பிழை எங்கே பெருகுகிறது

இதைச் செய்யாமல் எந்த எண்ணையும் வெளியே கொடுக்காதீர்கள். நுனி மூட்டின் மையத்தைப் படத்தில் 2 மி.மீ. தள்ளிக் குறித்துவிட்டோம், 10-க்குப் பதில் 12 என்று வைப்போம். மற்ற எல்லாம் அப்படியே, நீ = 0. இப்போது தீர்த்தால் ஆ 31.4-லிருந்து 37.1 ஆகிறது. மே 13.3-லிருந்து 6.7-க்கு விழுகிறது. வெறும் 2 மி.மீ.-க்கு மேல்மடக்கியின் விசை பாதியாகிவிட்டது! 14 மி.மீ. என்று குறித்திருந்தால் பூச்சியம்.

காரணம் புரிந்துகொள்வது நல்லது. நடு மூட்டில் ஆழ்மடக்கி செய்தது போக மிச்சம்தான் மேல்மடக்கிக்கு. மிச்சத்தைக் கழித்தலில் பெறும் எந்த எண்ணும் இப்படித்தான் ஆடும். எனவே ஒவ்வொரு உள்ளீட்டையும் நீங்கள் உண்மையில் சந்தேகிக்கும் அளவுக்கு மேலும் கீழும் ஆட்டி, எந்த விடை அசைகிறது என்று பட்டியல் போடுங்கள். நேரம் இருந்தால் எல்லா உள்ளீடுகளையும் ஒரே சமயத்தில் தற்செயலாக மாற்றி ஆயிரக்கணக்கான தடவை தீர்க்கும் மான்டி கார்லோ முறையைப் பயன்படுத்துங்கள்.

படி 12: அளந்த உண்மையோடு ஒப்பிடுவது

மணிக்கட்டுக் குகை (கார்பல் டன்னல்) அறுவை சிகிச்சையின்போது நோயாளி விழித்திருக்கையில், தசைநாணில் அளவுகருவி மாட்டி விரலை அழுத்தச் சொல்லிச் சிலர் அளந்திருக்கிறார்கள். ஷுவின்ட் குழு 1992-ல் வெளியிட்ட அளவீடுகளில் நுனிக் கிள்ளலின்போது மடக்குத் தசைநாணில் 12 கிலோ விசைவரை வந்தது. ஜாக் டென்னர்லைன் குழு 1998-ல் மேல்மடக்கியில் அளந்தபோது, நுனி விசையைப்போல் சராசரியாக 3.3 மடங்கு, ஆளுக்கு ஆள் 1.7-லிருந்து 5.8 வரை. அன்றைய மாதிரி சொன்னதைவிட இது அதிகம். பின்னர் ஆள்காட்டி விரலில் அளந்த இன்னொரு ஆய்வில் ஆழ்மடக்கிக்குச் சராசரி 2.4 மடங்கு, மேல்மடக்கிக்கு 1.5.

நம் கணக்கு 3.1, 1.3 என்று சொல்கிறது. நிலையும் மனிதரும் மாறும்போது இந்த அளவு ஒத்துப்போவது நல்ல அறிகுறி. உங்கள் விடை 0.5 என்றோ 15 என்றோ வந்தால் முதலில் அலகுகளையும் குறிகளையும் சரிபாருங்கள். பிறகு புகைப்படத்துக்குத் திரும்புங்கள்.

முழுக் கைக்கும் அசையும் விரலுக்கும் போக வேண்டுமென்றால் ஸ்டான்ஃபோர்டின் ஓப்பன்சிம் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. டென்மார்க்கில் பிறந்த எனிபாடி விலைக்கு. கையால் ஒரு விரலைத் தீர்த்துப் பார்க்காமல் மென்பொருளுக்குள் போகாதீர்கள். திரையில் அழகாக வரும் எண் எந்த ஊகத்தின்மேல் நிற்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

படி 13: மாதிரியிடம் கேள்வி கேட்பது

தொழுநோய் உள்ளங்கைச் சிறு தசைகளுக்குப் போகும் நரம்புகளைத் தாக்கினால் அவை செயலிழக்கும். நம் சமன்பாடுகளில் சி = 0 என்று போடுங்கள். நுனி மூட்டு ஆழ்மடக்கியிடம் 25 நியூட்டன் கேட்கிறது, நடு மூட்டு மேல்மடக்கியிடம் 13.3 கேட்கிறது. அடி மூட்டில் அவை இரண்டும் சேர்ந்து தருவது 435 மட்டுமே, தேவையோ 660. நீட்டுத் தசையைச் சேர்த்தால் பற்றாக்குறை இன்னும் கூடும். விடையே இல்லை. இந்த விரலால் இந்த நிலையில் 10 நியூட்டன் அழுத்தவே முடியாது.

அப்படியானால் அந்தக் கை என்ன செய்கிறது? விசைக் கோடு அடி மூட்டிலிருந்து 66 மி.மீ.-க்குப் பதில் 43.5 மி.மீ. தூரத்தில் போகும்படி விரலை உள்ளே சுருட்டிக்கொள்கிறது. அடி மூட்டு பின்னால் சாய, மற்ற இரண்டும் மடங்க, நகத்தை ஒட்டிய சிறு பரப்பே பொருளைத் தொடும் நகக்கை நிலை. உணர்ச்சியும் இல்லாததால் அந்தச் சிறு பரப்பில் குவியும் அழுத்தம் புண்ணாகிறது.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து இந்தக் கைகளைத்தான் சரிசெய்தார். பலமுள்ள வேறொரு தசையின் விசையைத் தசைநாண் ஒட்டுவழியாக, செயலிழந்த சிறு தசைகளின் பாதைக்குத் திருப்பிவிடும் அறுவை சிகிச்சை அது. பிற்பாடு அமெரிக்காவில் அவரும் அவருடைய குழுவினரும் முன்கை, கைத் தசைகளின் ஒப்பீட்டு விசையையும் நகர்வையும் அளந்து 1981-ல் வெளியிட்ட அட்டவணையை, தசைநாண் மாற்றம் செய்யும் அறுவை நிபுணர்கள் இன்றும் பார்க்கிறார்கள். படி 7-ல் வந்த பிராண்ட் வேறொருவர்.

எந்தத் தசையை இரவல் வாங்குவது என்பதற்கும் நம் கணக்கு உதவும். நம் விரலுக்கு 26 நியூட்டன் அளவு விசை வேண்டும். நான்கு விரல்களுக்கும் ஒரே தசையைப் பிரித்துக் கொடுப்பதானால் அதைப்போல் நான்கு மடங்கு. நகர்வைப் பார்த்தால், அடி மூட்டு 90 பாகை மடங்க 6 மி.மீ. மொமென்ட் ஆர்முக்கு 9.4 மி.மீ. போதும். மணிக்கட்டுத் தசைகள் சுமார் 33 மி.மீ. நகரக்கூடியவை, விரல் நீட்டுத் தசைகள் 50, விரல் மடக்குத் தசைகள் 70. ஆக நகர்வில் மணிக்கட்டுத் தசையே தாராளம். பார்க்க வேண்டியது விசையை. அதோடு, இரவல் வாங்கியபின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த வேறு தசை மிச்சம் இருக்கிறதா என்பதையும் மணிக்கட்டுக்குத் தனிச் சமன்பாடு எழுதிப் பார்த்துவிட வேண்டும்.